பொனற்றுக்குக் கீழே எந்தப் பெயின்ற்?

பல காலம் ஓடாமல் நின்ற லொறியோ உழவு இயந்திரமோ மீண்டும் வளவுக்கு வந்து சேரும்போது, எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அதன் வெளித்தோற்றத்தின் மேல்தான். மட்கார்டுக்கும் கதவுக்கும் பெயின்ற் அடித்துவிட்டால் வாகனம் புதியது போல் தோன்றும். ஆனால் வயலை உழுவதும், நெல்லை ஏற்றிச் செல்வதும், குடும்பத்துக்குச் சோறு போடுவதும் வெளித்தகடு அல்ல. பொனற்றுக்குக் கீழே இருக்கும் பாகங்களே அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே பெயின்ற் அடிக்க வேண்டுமா, அடிப்பதானால் எதை அடிப்பது என்பதைச் சிலரே யோசிக்கிறார்கள்.

இடப்பெயர்வின்போது கைவிடப்பட்ட வாகனங்கள் பல விதமான கேடுகளைக் கண்டவை. சில மரத்தின் கீழ் வருடக்கணக்காக மழையில் நனைந்தன. சில 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் நீரில் மூழ்கின. வேறு சில வெள்ளத்தில் நின்றன. 2009இன் பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்கள் பல, பழைய வாகனத்தைத் திருத்தியோ, கடன்பட்டுப் பழையது ஒன்றை வாங்கியோ தொழிலைத் தொடங்கின. இவர்கள் எல்லோருக்கும் ஒரு ரின் பெயின்ற் என்பதே கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய செலவுதான்.

ஆகவே இப்பாடத்தில் "எது நல்ல பெயின்ற்?" என்று நாம் கேட்கப் போவதில்லை. "இந்தப் பாகத்துக்கு எது பொருந்தும்?" என்றே கேட்கப் போகிறோம். பொருந்தாத இடத்தில் அடித்த விலை கூடிய பெயின்ற் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். பொருந்திய இடத்தில் அடித்த விலை குறைந்த பெயின்ற் பல வருடம் நிற்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. காடுபற்றிய காணியில் நிற்கும் வாகனத்தை, அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது என உறுதியான பின்பே நெருங்க வேண்டும். வாகனத்தின் உள்ளேயோ கீழேயோ அடையாளம் தெரியாத பொருள் எதையாவது கண்டால் தொட வேண்டாம். உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

1. கறள் எங்கே தொடங்குகிறது?

இரும்பு கறள் பிடிப்பதற்கு இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று நீர், மற்றது காற்றிலுள்ள ஒட்சிசன். உப்பு சேர்ந்தால் கறள் பிடிப்பது மிக விரைவாகும். கரையோரக் கிராமங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

பொனற்றுக்குக் கீழே, ஓடும் வாகனத்தை விட நிற்கும் வாகனமே பெரும்பாலும் கூடுதலாகக் கெட்டுப்போகிறது. தினமும் ஓடும் இயந்திரம் சூடேறுவதால் அதன்மேல் படிந்த ஈரம் உலர்ந்துவிடும். நிற்கும் வாகனத்தில் ஈரம் அப்படியே தங்கும். வேப்பஞ்சருகு, எலிக்கூடு, குளவி கட்டிய மண்கூடு ஆகியவை ஈரத்தைப் பஞ்சு போல் பிடித்து வைத்திருக்கும். அவற்றை அகற்றிப் பார்த்தால் அதன் கீழேதான் தகடு ஓட்டையாகி இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை மனதில் கொள்ளுங்கள். என்ஜின் புளொக் தடித்த வார்ப்பிரும்பு. அதன் மேற்பரப்பில் படியும் கறள் பார்ப்பதற்கு அசிங்கமாக இருந்தாலும் அதன் பலத்தை எளிதில் குறைக்காது. பற்றரி வைக்கும் தட்டு, ரேடியேற்றரைத் தாங்கும் சட்டம், பொனற்றின் உட்புறம், குழாய்களைப் பிடிக்கும் கிளிப்புகள் ஆகியவை மெல்லிய தகடு. அதே அளவு கறள் இவற்றைத் துளைத்துவிடும். பற்றரித் தட்டு உடைந்தால் பற்றரி சரிந்து வயர்கள் உரசும், சில வேளை தீயும் பற்றும்.

எனவே பணம் குறைவாக உள்ளவர்கள் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இது: மெல்லிய தகடு முதலில், தடித்த வார்ப்பு கடைசியில்.

2. ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது கேள்வி: இது எவ்வளவு சூடாகிறது? நீரால் குளிரூட்டப்படும் என்ஜின் நன்றாக ஓடும்போது ரேடியேற்றர் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும். புளொக்கின் வெளிப்புறமும் ஏறக்குறைய அந்த அளவிலேயே இருக்கும். ஆனால் புகை வெளியேறும் மனிபோல்ற் பாரம் இழுக்கும்போது பல நூறு பாகையைத் தொடும். இரண்டுக்கும் ஒரே பெயின்ற் பொருந்தாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். வேலை செய்த வாகனத்தை நிறுத்திய உடனே, சுழலும் பாகங்கள் எல்லாம் நின்றுவிட்டனவா என்று பார்த்து, விரல் நுனியால் ஒரு சொட்டு நீரை அந்தப் பாகத்தில் தெளியுங்கள். பாகத்தைக் கையால் தொட வேண்டாம். சொட்டு மெதுவாகக் காய்ந்தால் வெப்பம் 100 பாகைக்குக் கீழே. சீறிக் கொதித்து மறைந்தால் 100 பாகையைத் தாண்டியது. இந்த வேறுபாடு ஒன்றே பாதித் தெரிவைச் செய்துவிடும்.

இரண்டாவது கேள்வி: இதன்மேல் எது சிந்துகிறது? ஒயில், டீசல், பெற்றோல், பற்றரி அமிலம், பிறேக் ஒயில் ஆகிய ஒவ்வொன்றும் பெயின்றை வெவ்வேறு விதமாகத் தாக்கும். இவற்றுள் சாதாரண பிறேக் ஒயில் மிகவும் பொல்லாதது. அது எனாமல் பெயின்றை இளக்கி உரித்துவிடும். சிந்தினால் உடனே நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மூன்றாவது கேள்வி: இந்தப் பாகத்தின் வேலை என்ன? சூட்டை வெளியே விடுவதா, மின்சாரத்தைக் கடத்துவதா, அசைவதா, சுவாசிப்பதா? இந்த வேலைகளுக்குப் பெயின்ற் தடையாகுமானால் அங்கே அடிக்காமல் விடுவதே சரியான தெரிவு.

3. கடையில் கிடைக்கும் வகைகள்

சாதாரண எனாமல்: கதவு, கேற் என்பவற்றுக்கு அடிக்கும் அதே பெயின்ற்தான். 90 பாகை வரையில் நின்றுபிடிக்கும். அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் மஞ்சளாகி, நொறுங்கி, உரியும். பொனற்றின் உட்புறம், ரேடியேற்றர் சட்டம் போன்ற இடங்களுக்குப் போதுமானது.

என்ஜின் எனாமல்: ஒயிலையும் கூடுதலான வெப்பத்தையும் தாங்கும்படி செய்யப்பட்டது. 150 முதல் 250 பாகை வரை தாங்கும் என்று ரின்னில் குறிப்பிட்டிருப்பார்கள். புளொக், சம்ப், டப்பெற் கவர் என்பவற்றுக்கு இது பொருந்தும்.

சிலிக்கோன் சேர்ந்த வெப்பம் தாங்கும் பெயின்ற்: 600 பாகை அளவு வரை தாங்கும். பெரும்பாலும் சில்வர் அல்லது மங்கிய கறுப்பு நிறத்தில் வரும். விலை கூடியது. மனிபோல்ற்றுக்கும் புகைக்குழாய்க்கும் மட்டுமே இது தேவை. கடையில் "சில்வர் பெயின்ற்" என்று கேட்டால் கிடைப்பதெல்லாம் இந்த வகை அல்ல. சாதாரண சில்வர் பெயின்ற் மனிபோல்ற்றில் எரிந்துவிடும். ரின்னில் வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

வெளிநாட்டு ரின்களில் வெப்பநிலையைப் பரனைற் அளவில் போட்டிருப்பதுண்டு. 500 பாகை பரனைற் என்றால் 260 பாகை செல்சியஸ் மட்டுமே. 1200 பாகை பரனைற் என்றால் ஏறத்தாழ 650 பாகை செல்சியஸ். இலக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

தார் கலந்த கறுப்புப் பெயின்ற்: நீரையும் நீர்த்த அமிலத்தையும் நன்றாகத் தடுக்கும். விலையும் குறைவு. ஆனால் சூட்டில் இளகும், டீசலிலும் பெற்றோலிலும் கரையும். ஆகவே என்ஜினில் அடிக்கக் கூடாது. சூடும் ஒயிலும் படாத இடத்தில் உள்ள பற்றரித் தட்டுக்கு அடிக்கலாம்.

எப்பொக்சி: இரண்டு ரின்களாக வரும். இரண்டையும் சொல்லப்பட்ட அளவில் கலந்த பின்பே அடிக்க வேண்டும். அமிலம், ஒயில், டீசல் மூன்றையும் நன்றாகத் தாங்கும். வெயிலில் வெளுத்து மாவாகும் குணம் இதற்கு உண்டு. ஆனால் பொனற்றுக்குக் கீழே வெயில் படாததால் அந்தக் குறை இங்கே பெரிதல்ல. கலந்த பெயின்ற் சில மணி நேரத்தில் இறுகிவிடும். எனவே மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி, எல்லா வாகனங்களின் பற்றரித் தட்டுகளையும் ஒரே நாளில் அடித்து முடிப்பது சிக்கனமானது.

அடிப்பூச்சு: சுத்தம் செய்த இரும்பில் முதலில் அடிப்பது. செந்நிறமான ரெட் ஒக்சைட் எளிதில் கிடைக்கும். இது எனாமலுக்குக் கீழே பொருந்தும். வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பெயின்றுக்குக் கீழே இதை அடிக்கக் கூடாது. அடிப்பூச்சு எரிந்து, மேலே உள்ளதையும் சேர்த்து உரித்துவிடும். அலுமினியத்தில் சாதாரண அடிப்பூச்சு சரியாக ஒட்டாது. அதற்கென்று வரும் எச் பிரைமர் வேண்டும்.

4. பாகம் பாகமாக

பற்றரித் தட்டு: எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது இது. பற்றரியைக் கழற்றுங்கள். கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்றி, பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்டுங்கள். ஒரு போத்தல் நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றினால், அமிலம் உள்ள இடம் நுரைக்கும். நுரை நிற்கும் வரை ஊற்றிப் பின்னர் நல்ல நீரால் கழுவுங்கள். அப்பச்சோடா நீர் பற்றரியின் உள்ளே போகக் கூடாது. நன்றாகக் காய்ந்த பின் கறளை உரஞ்சி, எப்பொக்சி இரண்டு பூச்சு அடியுங்கள். பற்றரியின் கீழே பழைய ரியூப்பில் வெட்டிய இறப்பர்த் துண்டு ஒன்றை விரித்தால் பூச்சு உரசுப்படாது. பற்றரியின் முனைகளுக்குப் பெயின்ற் அடிக்கக் கூடாது. பூட்டி இறுக்கிய பின் கிறீஸ் அல்லது வாஸ்லின் பூசுங்கள்.

ரேடியேற்றர்: சட்டத்துக்கும் பக்கத் தகடுகளுக்கும் சாதாரண எனாமல் அடிக்கலாம். நடுவில் உள்ள மெல்லிய தகடுகளில் தடிப்பாக அடித்தால் சூடு வெளியேறுவது குறையும், காற்றுப் போகும் வழியும் அடைபடும். "கறுப்பு அடித்தால் என்ஜின் குளிரும்" என்று சிலர் சொல்வார்கள். ரேடியேற்றரின் சூட்டைப் பெரும்பாலும் எடுத்துச் செல்வது அதனூடாகப் போகும் காற்றுத்தான். அங்கே நிறத்தை விடப் பூச்சு மெல்லியதாக இருப்பதே முக்கியம். தேவையானால் மங்கிய கறுப்பை மிக மெல்லிதாக ஒரு தடவை விசிறினால் போதும். அதற்கு முன் பதரையும் பூச்சிகளையும் உட்புறமிருந்து வெளிப்புறமாக நீரடித்துக் கழுவுங்கள். பல இடங்களில் பெயின்றை விட இந்தக் கழுவலே என்ஜினைக் குளிரச் செய்யும். பழைய பித்தளை ரேடியேற்றரில் பெயின்றை எரித்து உரிக்க முயல வேண்டாம். ஈயப் பற்று உருகிவிடும்.

என்ஜின் புளொக், சம்ப், டப்பெற் கவர்: என்ஜின் எனாமல் பொருந்தும். நிறத்தைத் தெரிவு செய்யும்போது அழகை விடப் பயனைப் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் ஒயில் கசிவும் வெடிப்பும் உடனே தெரியும். கறுப்பில் அவை மறைந்திருக்கும். எமது வயல்களில் நீண்ட காலம் உழைத்த மசி பெர்கூசன் 135 உழவு இயந்திரத்தின் தகடுகள் சிவப்பு, என்ஜின் சாம்பல். அதற்கு முன்பு 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்ட சிறிய பெர்கூசன் முழுவதுமே சாம்பல். பழைய நிறத்தையே திரும்ப அடிப்பவர் பயனுள்ள நிறத்தையே அடிக்கிறார்.

மனிபோல்ற், புகைக்குழாய்: பணம் இல்லாவிட்டால் மனிபோல்ற்றை அடிக்காமல் விடலாம். அது தடித்த வார்ப்பு. மேலே கறள் படிந்தாலும் பல வருடம் உழைக்கும். அடிப்பதானால் சிலிக்கோன் பெயின்ற் மட்டுமே அடிக்க வேண்டும். வெறும் இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்து, மெல்லிய இரண்டு பூச்சு அடியுங்கள். தடித்த பூச்சு கொப்பளிக்கும். இந்த வகைப் பெயின்ற் காற்றில் காய்வதால் மட்டும் இறுகாது, சூட்டிலேதான் இறுகும். ரின்னில் சொல்லியபடி காய விட்டபின், என்ஜினைப் பத்து நிமிடம் பாரமின்றி ஓட விட்டு முற்றாக ஆற விடுங்கள். பின்னர் இருபது நிமிடம் ஓட விட்டு மீண்டும் ஆற விடுங்கள். அதன் பிறகே பாரம் இழுக்க வேண்டும். முதல் தடவை புகையும் மணமும் வரும் என்பதால் இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். சைலன்சர் பெரும்பாலும் உள்ளேயிருந்தே கறள் பிடிப்பது. வெளியே எவ்வளவு அடித்தாலும் அதை முழுமையாகக் காப்பாற்ற முடியாது.

டீசல் தாங்கி: வெளிப்புறத்துக்கு எனாமல் போதும், சிந்தும் டீசலை அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். உட்புறத்தில் சாதாரண பெயின்ற் எதையும் அடிக்கக் கூடாது. அது உரிந்து பில்ற்றரை அடைக்கும்.

பிறேக் குழாய், டீசல் குழாய்: கறள் தின்ற குழாயைப் பெயின்ற் குணப்படுத்தாது. மேலே அடித்தால் ஆபத்தை மறைத்துவிடும். கிள்ளினாற்போல் குழி விழுந்த குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

காற்றால் குளிரூட்டப்படும் சிறிய இயந்திரங்கள்: நீர் இறைக்கும் இயந்திரத்தின் சிலிண்டரைச் சுற்றியுள்ள வரிகள் சூட்டை வெளியேற்றுவதற்காக அமைந்தவை. அவற்றில் தடித்த பூச்சு அடித்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். மண்ணையும் ஒயில் பிசுக்கையும் நீக்கிச் சுத்தமாக வைத்திருப்பதே போதும்.

5. பெயின்ற் அடிக்கக் கூடாத இடங்கள்

இறப்பர்க் குழாய்கள், பான் பெல்ற், பெல்ற் ஓடும் பள்ளம், வயர்கள், டீசல் மூடியிலும் என்ஜினிலும் உள்ள காற்றுத் துவாரங்கள், பம்பின் அசையும் பாகங்கள், மரைகள் ஆகியவற்றில் பெயின்ற் படக் கூடாது. காற்றுத் துவாரம் அடைபட்டால் டீசல் வராமல் என்ஜின் நிற்கும், அல்லது சீல்களினூடாக ஒயில் கசியும்.

எர்த் வயர் பூட்டும் இடத்தில் பெயின்ற் இருந்தால் மின்சாரம் ஓடாது. பற்றரி நல்லதாக இருந்தும் ஸ்ராட்டர் சுழலாததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடத்தை வெறும் இரும்பு தெரிய உரஞ்சி, வயரைப் பூட்டி இறுக்கிய பின் வெளிப்புறமாகக் கிறீஸ் பூசுங்கள்.

என்ஜின் இலக்கமும் சசி இலக்கமும் உள்ள இடங்களைப் பெயின்ற்றால் மூடாதீர்கள், அரத்தாலும் உரஞ்சாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கங்கள் இவைதான். இடப்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்த குடும்பத்துக்கு, வாகனம் தமதே என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எடுத்துக்காட்ட இந்த இலக்கங்கள் மிகவும் முக்கியம். சவர்க்காரத் துணியால் துடைத்து, மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் கடதாசியில் பதியும். அதைக் குடும்பப் பத்திரங்களோடு பாதுகாத்து வையுங்கள். அந்த இடத்துக்குக் கிறீஸ் மட்டும் பூசுங்கள்.

6. வேலை செய்யும் ஒழுங்கு

பெயின்ற் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயின்ற் அல்ல, அதன் கீழே உள்ள அழுக்கு. கீழ்வரும் ஒழுங்கை மாற்றாதீர்கள்.

முதலில் சருகு, மண்கூடு என்பவற்றை அகற்றிக் காய்ந்த பிசுக்கைச் சுரண்டுங்கள். இரண்டாவதாக, ஆறிய என்ஜினில் மண்ணெண்ணெய் தடவி ஒயில் பிசுக்கை இளக்குங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். மண்ணெண்ணெயும் ஓர் எண்ணெய்தான். அதன் படை இருக்கும் வரை பெயின்ற் ஒட்டாது. ஆகவே மூன்றாவதாக, சலவைத்தூள் கரைத்த நீரால் தும்பு கொண்டு தேய்த்து, நல்ல நீரால் இரண்டு தடவை கழுவுங்கள். டைனமோ, எயார் கிளீனர், வயர் இணைப்புகள் என்பவற்றை முன்னரே பொலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். கடல் நீர் பட்ட வாகனத்தை உப்புச்சுவை இல்லாத நீரால் பல தடவை கழுவ வேண்டும். கறளுக்குள் உப்புத் தங்கினால் பெயின்றின் கீழேயே கறள் மீண்டும் வளரும்.

நான்காவதாக, கம்பித் தூரிகையாலும் எமரித்தாளாலும் கறளை நீக்குங்கள். சிறிய நட்டு, போல்ற்றுகளைப் பழப்புளி கரைத்த நீரில் ஓர் இரவு ஊற வைத்தால் கறள் இளகும். அடுத்த நாள் அப்பச்சோடா நீரில் கழுவி உடனே உலர்த்துங்கள். ஐந்தாவதாக, பெயின்ற் படக் கூடாத இடங்களைக் கடதாசியால் மூடுங்கள், அல்லது கிறீஸ் பூசுங்கள். கிறீஸ் பூசிய இடத்தில் விழுந்த பெயின்றைப் பின்னர் துடைத்தெடுக்கலாம். ஆறாவதாக, அன்றைக்கே அடிப்பூச்சு அடியுங்கள். சுத்தம் செய்த இரும்பை ஓர் இரவு பனியில் விட்டால் மீண்டும் கறள் பிடிக்கும்.

பழைய பெயின்றின் மேல் புதியதை அடிப்பதானால் ஒரு மூலையில் சிறிதளவு தடவி ஒரு நாள் பாருங்கள். சுருங்கினால் பழையதை உரித்தே ஆக வேண்டும்.

மாரி மழைக் காலத்தில் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. வரண்ட நாளில், காலைப் பனி காய்ந்த பின் தொடங்கி, மாலைக்கு முன் முடியுங்கள். சோளகம் வீசும் நாட்களில் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டும் என்பதால் மறைவான இடம் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஒரு லீற்றர் எனாமல் ஒரு பூச்சாக ஏறத்தாழ 10 சதுர மீற்றர் பரப்புக்குப் போதும். நீங்கள் அடிக்கப் போகும் பரப்பு 2 சதுர மீற்றர் என்றால், இரண்டு பூச்சுக்கு 4 சதுர மீற்றர் கணக்கு. அரை லீற்றர் தாராளமாகப் போதும். நாலு லீற்றர் ரின் வாங்கி மிச்சத்தைக் காய விடாதீர்கள்.

பழைய என்ஜின் ஒயிலைக் கறளுக்கு மேல் பூசும் வழக்கமும் உண்டு. என்ஜின் பகுதியில் இதைச் செய்யாதீர்கள். புழுதி பிடிக்கும், இறப்பரை ஊத வைக்கும், சூடான குழாயில் பட்டால் தீப்பற்றும். தோலுக்கும் அது கேடு.

7. குடும்பத்தின் பாதுகாப்பு

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு 2013 ஜனவரி முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வாகனங்களில் உள்ள மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புப் பெயின்றுகளையும் பழைய செந்தூர அடிப்பூச்சையும் ஈயம் உள்ளதாகவே எண்ணி நடப்பது நல்லது. ஈயத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர உரஞ்சாமல் நனைத்து உரஞ்சுங்கள். குசினி, கிணறு, பிள்ளைகள் விளையாடும் இடம் என்பவற்றிலிருந்து தள்ளி வேலை செய்யுங்கள். உரிந்த தூளைக் கூட்டிக் கட்டி அகற்றுங்கள். வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றிக் கைகழுவிய பின்பே பிள்ளையைத் தூக்குங்கள். பழைய மனிபோல்ற்றைச் சுற்றியுள்ள வெள்ளைப் பஞ்சு போன்ற சுற்று அஸ்பெஸ்ரசாக இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள்.

தின்னரின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அருகில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் வேண்டாம். தற்காலிகக் கொட்டிலுக்குள் ஒருபோதும் அடிக்காதீர்கள். பெயின்ற் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் சில வேளை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அவற்றை நீரில் நனைத்து வெளியே விரித்து விடுங்கள்.

தின்னரையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

8. பழைய வாகனம் வாங்கும்போது

பெயின்ற் காப்பதற்கு மட்டுமல்ல, மறைப்பதற்கும் பயன்படும். விற்பனைக்கு வந்த பழைய உழவு இயந்திரத்தின் என்ஜின் புத்தம் புதிய பெயின்றில் மின்னினால் மகிழ வேண்டாம், கூர்ந்து பாருங்கள். இறப்பர்க் குழாயிலும் வயரிலும் பெயின்ற் பட்டிருந்தால் அது அவசரத்தில் அடித்தது. பிசுக்கின் மேலேயே அடித்திருந்தால் நகத்தால் கீறும்போது தோலாக உரியும். புளொக்கின் வெடிப்பை மாவால் நிரப்பி மேலே அடித்திருக்கலாம். அரை மணி நேரம் பாரத்தோடு ஓட விட்டுப் பாருங்கள். வெடிப்பும் கசிவும் இருந்தால் அப்போது பெரும்பாலும் வெளியே தெரியும். என்ஜின் இலக்கமும் சசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். பல வருடக் கடனைத் தலையில் ஏற்றும் முன், நன்கு தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்வது வீண் செலவல்ல.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் கிராமத்தில் உள்ள ஒரு வாகனத்தின் பொனற்றைத் திறந்து, மெல்லிய தகட்டால் ஆன பாகங்களைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் எதில் கறள் கூடுதலாக உள்ளது? ஏன் அந்த இடத்தில்?

2. ஒரே ஒரு சிறிய ரின் வாங்கவே காசு உண்டு. எந்த வகையை வாங்குவீர்கள்? எந்தப் பாகத்துக்கு முதலில் அடிப்பீர்கள்?

3. மனிபோல்ற்றுக்கு ரெட் ஒக்சைட் அடித்து, அதன்மேல் சில்வர் பெயின்ற் அடித்தார் ஒருவர். ஒரு வாரத்தில் அது உரிந்துவிட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் கூறுங்கள்.

4. எப்பொக்சி, கம்பித் தூரிகை, எமரித்தாள் என்பவற்றைக் கூட்டாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சமாகும்? உங்கள் ஊர்க் கடை விலையை வைத்துக் கணக்கிடுங்கள்.

5. உங்கள் குழுவில் எத்தனை குடும்பங்களிடம் வாகனத்தின் என்ஜின் இலக்கமும் சசி இலக்கமும் எழுத்தில் உண்டு? இல்லாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்னர் பென்சிலால் பதித்த கடதாசியைக் கொண்டு வாருங்கள்.